நிஷி-கசாய் நிலையத்தில் கண்ட கைப்பிடிச்சுவர்



ஜப்பான் தேசத்துக்குப் போய்வந்தேன் என்றவுடன் ஃபூஜி மலையையும் புல்லட் ரயிலையும் குறித்து எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் இருந்த நாட்களில் மலையை மேகம் மூடியிருந்தது. புல்லட் ரயிலில் ஏறும் தருணம் வாய்க்கவில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அங்கே தங்கிய பதினோரு நாட்களில் என் கண்கள் அதிகமாய்க் கண்டது, டோக்கியோ மாநகரின் கிழக்கு ஓரத்திலுள்ள ஒரு சாதாரணப் புறநகர் ரயில் நிலையத்தைத்தான். அதன் பெயர் நிஷி-கசாய். மேற்கு கசாய் என்பது அதன் பொருள். சுற்றுலாப் பயணிகள் தேடிப்போகும் இடமல்ல. ஆயினும் அந்த நிலையத்தின் வாசலில் என்னை நிறுத்தி, இத்தனை ஆண்டு ஊழியத்தில் நான் கற்றுக்கொள்ளாதிருந்த ஒரு பாடத்தைக் கர்த்தர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அங்கே வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று வீட்டு ஜெபக்கூட்டங்களுக்காக என்னை அழைத்திருந்தது. நான் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்தபின், எங்கள் சபையின் தாயார் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடத்தில் வந்தார். அவருடைய ஒரே மகன் கணினிப் பொறியாளன். நான்கு ஆண்டுகளாக டோக்கியோவில் இருக்கிறான். "பாஸ்டர், நல்லா இருக்கேன் அம்மான்னு தினமும் ஒரு வரி எழுதுறான். ஆனால் அவன் குரலைக் கேட்டு ஏழு வாரம் ஆகுது. நீங்க அவன் முகத்தைப் பார்த்துட்டு வாங்க, அது போதும்" என்றார். நான் ஜெபித்து அனுப்பினேன். அவன் தங்கியிருந்த இடமும் நான் தங்கவிருந்த இடமும் ஒரே நிலையத்துக்கு அருகில் என்று பின்னர் தெரிந்தது. அது தேவ நடத்துதல் என்று விசுவாசிக்கிறேன். அந்தத் தம்பியின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவன் பெயரையும், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மறைத்திருக்கிறேன்.

ஆற்றைக் கடந்தால் முதல் நிலையம்

டோக்கியோவின் சுரங்க ரயில் தடங்களில் ஒன்று டோசாய். நகானோ தொடங்கி நிஷி-ஃபுனபாஷி வரை 30.8 கிலோமீட்டர் நீளத்தில் 23 நிலையங்களை இணைக்கிறது. வானத்தின் நீலமே அதன் அடையாள நிறம். நகரின் மையத்தில் பூமிக்கடியில் ஓடும் ரயில், கிழக்கே வரும்போது சுரங்கத்தைவிட்டு வெளிச்சத்துக்கு ஏறி, ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பாலத்தின்மேல் அரகாவா ஆற்றைக் கடக்கிறது. கடந்தவுடன் வரும் முதல் நிலையமே நிஷி-கசாய். தூண்களின்மேல் உயர்ந்து நிற்கும் தண்டவாளங்கள். அவற்றின் கீழே கடைகள். இருபுறமும் அடுக்குமாடி வீடுகள். வரிசையாய் நிறுத்திய சைக்கிள்கள். இவ்வளவுதான். பகல்நேர வேக ரயில்கள் இங்கே நிற்பதுகூட இல்லை.

இந்தப் பகுதி எதொகவா வட்டத்தைச் சேர்ந்தது. டோசாய் தடம் 1969-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இவ்வழியே போடப்பட்டபோது இந்த நிலையம் இல்லை. மக்கள் குடியேற்றம் பெருகியபின், 1979-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, ஏற்கெனவே இருந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே இது திறக்கப்பட்டது. ஆகவே இது குடியேறியவர்களுக்காகவே உண்டான நிலையம் என்று சொல்லலாம்.

நம்மவர்கள் இங்கே வந்த கதையும் அறியத்தக்கது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாக எண்ணிவிடுமோ என்ற அச்சம் உலகெங்கும் எழுந்ததல்லவா? அந்தப் பிழையைத் திருத்தும்படி ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியப் பொறியாளர்களை அழைத்தன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிறைந்த கயாபாச்சோ, நிஹோன்பாஷி, ஓதெமாச்சி ஆகிய மூன்றும் இதே தடத்தில், இங்கிருந்து ரயில் மாறாமல் போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அந்தத் தேசத்தில் வீடு வாடகைக்கு எடுப்பது அந்நியருக்கு எளிதல்ல. உத்தரவாதம் அளிக்க ஒருவர் வேண்டும். வீட்டுக்காரருக்குத் திரும்பிவராத அன்பளிப்புப் பணமும் பல இடங்களில் தரவேண்டும். அரசு சார்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இவ்விரண்டும் தேவையில்லை. அத்தகைய வீடுகள் இங்கே மிகுதி. 1970-களின் இறுதியிலேயே இங்கு குடியிருந்த தேயிலை வணிகர் ஜக்மோகன் சந்திராணி, புதிதாய் வந்தவர்களுக்கு வழிகாட்டினார். இன்று எதொகவா வட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வாழ்கிறார்கள். நிலையத்திலிருந்து சற்று நடந்தால் புளியும் துவரம்பருப்பும் வாங்கலாம். மாலையில் படிக்கட்டருகே நின்றால் தமிழ்க் குரலும் காதில் விழும்.

செய்தித்தாளால் அளக்கப்பட்ட நெரிசல்

நான் தங்கியிருந்த வீட்டுச் சகோதரன் ஒருநாள் காலை என்னைத் தன்னோடு ரயிலில் அழைத்துச் சென்றார். பத்துப் பெட்டிகள் கொண்ட ரயில். அதற்குமுன் ஒரு செய்தியைச் சொன்னார். ஜப்பானிய அரசு ரயில் நெரிசலைச் சதவீதத்தில் கணக்கிடும்போது, மக்களுக்கு விளங்கும்படி செய்தித்தாளை அளவுகோலாக வைத்திருந்ததாம். 150 சதவீதம் என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் சிரமப்பட்டு மடித்துப் படிக்கலாம். 200 என்றால் உடலோடு உடல் அழுந்தும். சிறிய வார இதழையாவது எப்படியோ படிக்கலாம். 250 என்றால் ரயில் ஆடும்போதெல்லாம் உடல் சாயும். கையைக்கூட அசைக்க முடியாது. இதே டோசாய் தடத்தில், கிபா நிலையத்துக்கும் மொன்சென்-நகச்சோ நிலையத்துக்கும் நடுவே, 2019-ஆம் ஆண்டில் காலை நெரிசல் 199 சதவீதமாக இருந்தது. பெருந்தொற்றுக்குப்பின் அது குறைந்திருக்கிறது. குறைந்தபின்னும் என் கைப்பையை என்னால் குனிந்து எடுக்க முடியவில்லை.

பிரியமானவர்களே, நம் பெருநகர மின்ரயில்களின் நெரிசலை நீங்கள் அறிவீர்கள். ஆகவே கூட்டம் எனக்குப் புதிதல்ல. அங்கிருந்த அமைதியே எனக்குப் புதிது. அத்தனைபேர் நெருங்கி நிற்கும் இடத்தில் ஒருவரும் தொலைபேசியில் பேசவில்லை. முதுகில் பை சுமந்தவர்கள் அதைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்கள், பின்னால் நிற்பவரை இடிக்காதபடிக்கு. இறங்குகிறவர்கள் இறங்கும்வரை ஏறுகிறவர்கள் கதவின் இருபுறமும் இரண்டு வரிசையாய்க் காத்திருந்தார்கள். ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தால்கூட, அலுவலகத்தில் காட்டுவதற்காகத் தாமதச் சான்றிதழ் தருகிறார்கள். பிழை தங்களுடையது, பயணியினுடையதல்ல என்று ஒப்புக்கொள்ளும் சிறு துண்டுக் காகிதம் அது. நாம் ஆராதனைக்கு அரைமணி நேரம் பிந்திவந்து, வெட்கமின்றி முன்வரிசையில் அமர்வதை நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் கல்

இனி நான் சொல்லவந்த காரியத்துக்கு வருகிறேன். நிலையத்துக்குப் போகும் தெருவிலும், படிக்கட்டிலும், நடைமேடையிலும் மஞ்சள் நிறக் கற்கள் இடைவிடாமல் பதிக்கப்பட்டிருக்கின்றன. நம் ஊரிலும் மெட்ரோ நிலையங்களில் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் தொடக்கம் ஜப்பான் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஒகயாமா நகரைச் சேர்ந்த செயிச்சி மியாகே என்பவர், பார்வையற்றவர்கள் தெருவில் ஆபத்தின்றி நடப்பதற்காக 1965-ஆம் ஆண்டில் இந்தக் கல்லை உருவாக்கினார். 1967-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி, அவ்வூரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகேயுள்ள சாலையில் முதன்முதலாக அது பதிக்கப்பட்டது. பின்னர் ரயில் நிலையங்களுக்கும், அங்கிருந்து உலகமெங்கும் சென்றது.

கல் இரண்டு வகை. நீளக் கோடுகள் உள்ள கல், இவ்வழியே நட என்கிறது. புள்ளிகள் உள்ள கல், நில், கவனி என்கிறது. நடைமேடை விளிம்பில் புள்ளிக் கற்களோடு உட்பக்கமாக ஒற்றைக் கோடும் சேர்க்கப்படுகிறது. ஏன் தெரியுமா? புள்ளியின்மேல் காலை வைத்த பார்வையற்றவருக்கு ஆபத்து அருகில் இருப்பது புரியும். ஆனால் எந்தப் பக்கம் தண்டவாளம், எந்தப் பக்கம் பத்திரமான தரை என்பது புரியாமல் போகலாம். அந்த ஒற்றைக் கோடு, இந்தப் பக்கமே தரை என்று பாதத்துக்குச் சொல்லிவிடுகிறது. இப்போது பல நிலையங்களில் விளிம்பில் தடுப்புக் கதவுகளும் வைத்திருக்கிறார்கள். கதவு வந்தபின்னும் கல்லைப் பெயர்த்துவிடவில்லை.

பார்வையற்றவன் நடக்கும் வழியில் அவன் இடறும்படி எதையும் வைக்கலாகாது என்று லேவியராகமம் 19:14-ல் கர்த்தர் விலக்கியிருக்கிறார். நாம் அதோடு திருப்தியடைந்துவிடுகிறோம்: நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, பாஸ்டர் என்கிறோம். இடறும் கல்லை வையாமலிருப்பது ஒன்று. வழிகாட்டும் கல்லைக் கொண்டுபோய் வைப்பது வேறொன்று. முந்தினது தீமை செய்யாமை. பிந்தினதே அன்பு.

உபாகமம் 22:8 அந்தப் பிந்தினதைக் கேட்கிறது. புதுவீடு கட்டுகிறவன் அதன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் ஒருவன் தவறி விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் இருக்கும் என்பது அதன் கருத்து. வேதாகமக் கல்லூரியில் இந்த வசனத்தைப் பழங்காலக் கட்டடச் சட்டம் என்று படித்துத் தேர்வும் எழுதினேன். விழப்போகிறவன் யார் என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது. அவன் விருந்தாளியோ, பிள்ளையோ, கூலியாளோ, இன்னும் பிறக்காதவனோ! ஆயினும் அவனுக்காக இன்றே சுவர் எழுப்பியாகவேண்டும். நிஷி-கசாய் நடைமேடையில் நின்றபோது, மோசேயின் அந்தக் கட்டளைக்கு ஒரு தேசம் தன்னையறியாமலே கீழ்ப்படிவதைக் கண்டேன். இந்தத் தேசத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே.

இதே கவனத்தை அவர்கள் மற்றக் காரியங்களிலும் காட்டுகிறார்கள். ரயில் ஓட்டுநரும் நடத்துநரும் வெள்ளைக் கையுறை அணிந்த விரலை நீட்டி, விளக்கையும் விளிம்பையும் சுட்டிக்காட்டி, கண்டதை வாய்விட்டுச் சொல்கிறார்கள். பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றும். 1994-ஆம் ஆண்டில் ஜப்பானிய ரயில் ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்தது. நூறு செயல்களுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டிக்காட்டிச் சொல்லும்போது 0.38 ஆகக் குறைந்ததாம். எதொகவா வட்டமும் இப்படியே. அதன் நிலத்தில் பெரும்பகுதி, கடல் ஏறிவரும் மட்டத்துக்குத் தாழ்வானது. பெருவெள்ளம் வந்தால் இங்கே தங்கியிருக்கக்கூடாது என்று, தன் வட்டத்தையே சுட்டி, 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தில் வட்ட நிர்வாகம் வெளிப்படையாய் அச்சிட்டது. தன் ஊரின் பெயர் கெடுமே என்று அஞ்சி அது மறைக்கவில்லை.

நான் ஊழியம் செய்யும் பெருநகரத்தில், ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்த இரண்டு வாலிபர்களை அடக்கம் செய்திருக்கிறேன். ஆகவே அந்த மஞ்சள் கல்லை என்னால் வெறும் கல்லாகப் பார்த்துவிட்டு நகர முடியவில்லை.

மூன்று இரவுகள்

இதற்குள் அந்தத் தம்பியை நான் சந்திக்கவில்லை. வந்த மறுநாளே செய்தி அனுப்பினேன். "ஸ்தோத்திரம் பாஸ்டர். வேலை மிகவும் அதிகம். கட்டாயம் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அவன் அறைக்குப் போனேன். உடன் தங்கியிருந்தவர்கள், காலை ஏழு மணிக்குப் போகிறான், கடைசி ரயிலுக்குத்தான் வருகிறான், சனி ஞாயிறும் அப்படியே என்றார்கள். வேறு வழி தோன்றாமல், இரவில் நிலையத்தின் டிக்கெட் வாயிலுக்கு வெளியே நின்று காத்திருந்தேன்.

முதல் இரவு பதினொன்றரை மணிக்குக் குளிர் தாங்காமல் திரும்பிவிட்டேன். இரண்டாம் இரவும் அப்படியே. மூன்றாம் இரவு, வாயிலருகே கண்ணாடி அறையில் இருந்த நிலைய ஊழியர் வெளியே வந்தார். அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் வராது; எனக்கு ஜப்பானிய மொழி வராது. என் கைபேசியில் அந்தத் தம்பியின் படத்தைக் காட்டி, ரயில் வரும் திசையைக் காட்டினேன். அவர் உள்ளே போய், இனி வரவேண்டிய ரயில்களின் நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டுவந்து, கடைசி நேரத்தின்கீழ் கோடிட்டு, தலைவணங்கி என்னிடத்தில் கொடுத்தார். அந்தத் தாள் இன்றும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

கோடிட்டிருந்த அந்தக் கடைசி ரயிலில் அவன் வந்தான். நள்ளிரவு கடந்திருந்தது. சுத்தமான சட்டை, கழுத்துப்பட்டி, கையில் அலுவலகப் பை. என்னைக் கண்டதும் வாயிலுக்கு உட்பக்கமே நின்றுவிட்டான். வெளியே வர அவனுக்குச் சில நிமிடங்கள் ஆயின. "இவ்வளவு நேரமா வேலை, தம்பி?" என்று கேட்டேன். அவன் தலைகுனிந்து சொன்னான்: "பாஸ்டர், எனக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. நான் எங்கிருந்தும் வரவில்லை. நாள் முழுவதும் இந்தத் தடத்திலேதான் இருந்தேன்."

ஒப்பந்தம் முடிந்தது, நிறுவனம் அதைப் புதுப்பிக்கவில்லை. அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை. அறையில் இருப்பவர்கள் மூலம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, வழக்கம்போல் உடுத்திக்கொண்டு காலை ரயிலேறினான். நகானோவரை போவான், அங்கிருந்து நிஷி-ஃபுனபாஷிவரை வருவான். சில நாட்கள் அரகாவா ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பான். கடைசி ரயிலில் திரும்புவான். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அம்மாவுக்குத் தினமும் ஒரு வரி மட்டும் எழுதினான்.

நிலையத்துக்கு எதிரேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அவனைத் தேற்றுவதற்கு வசனங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் இன்னொன்றையும் சொன்னான். "இந்த இரண்டு மாதமும் தசமபாகம் தவறவில்லை, பாஸ்டர். சேமிப்பிலிருந்து அனுப்பிவிட்டேன். நிறுத்தினால் பெயர் வாசிக்கும்போது அம்மாவுக்குத் தெரிந்துவிடும்."

பிரியமான வாசகரே, அந்த வார்த்தை என்னைக் குத்தியது. எங்கள் சபையில், வெளிநாட்டிலிருந்து காணிக்கை அனுப்புகிறவர்களின் பெயரையும் தொகையையும் மாதந்தோறும் முதல் ஞாயிறு வாசிக்கும் பழக்கத்தைத் தொடங்கியவன் நானே. உற்சாகப்படுத்துவதற்காக என்று எண்ணினேன். எங்கள் ஆராதனை மண்டபத்தின் புதிய மேற்கூரைக்கு அவன் அனுப்பிய பணமும் சேர்ந்திருக்கிறது. அதற்கு ரசீது அனுப்பினோம். நான்கு ஆண்டுகளில் ஒரு கடிதம் அனுப்பியதில்லை. அவனை அனுப்பும்போது சால்வை போர்த்தி, கைவைத்து ஜெபித்து, விமான நிலையம்வரை வேன் நிறைய ஆட்களோடு போனோம். போனபின் எப்படி இருக்கிறாய் என்று அவனிடம் கேட்டவன் நம்மில் ஒருவனும் இல்லை. போதகனாகிய நானும் கேட்கவில்லை. அவன் கொடுத்த பணத்தில் கூரை போட்டுக்கொண்ட நான், அவனுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவில்லை. ஒருவேளை அவன் விழுந்திருந்தால், அந்தப் பழி யார் வீட்டின்மேல் வந்திருக்கும்?

அப்போது அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. நம் தேசத்தின் நேரம் மூன்றரை மணி பின்தங்கியது. அதாவது இங்கே இரவு ஒன்பது. அவன் வீட்டில் குடும்ப ஜெபம் முடிகிற வேளை. "அம்மாவுக்குப் பேசு, தம்பி. நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன். நெடுநேரம் கைபேசியைக் கையில் வைத்திருந்துவிட்டு அழைத்தான். "அம்மா" என்று மாத்திரம் சொன்னான். அதற்குமேல் அவனால் முடியவில்லை. மறுமுனையில் அந்தத் தாய் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்றார்.

பெயர் சொல்லி அழைக்கும் குரல்

ஒன்றை நான் நேர்மையாய்ச் சொல்லவேண்டும். அந்தத் தம்பி இரண்டு மாதகாலம் அந்த நிலையத்தின் வழியே தினமும் போய்வந்தான். அத்தனை கவனமுள்ள அந்த இடத்தில் ஒருவரும் அவனை இடிக்கவில்லை. ஒருவரும் அவனிடம் பேசவுமில்லை. கல் அவன் பாதத்தைக் காக்கும். அவன் முகவாட்டத்தைக் காணாது. அறிவிப்பு எல்லோரையும் எச்சரிக்கும்; அவன் பெயரை அறியாது. அந்த அமைதியான பெட்டிகளில் தனிமையைச் சுமந்துபோகும் ஜப்பானியர்களும் உண்டென்று, அங்கே பல ஆண்டுகளாய் வாழும் நம்மவர்கள் கவலையோடு சொன்னார்கள். ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடும் மேய்ப்பனைக் குறித்து யோவான் 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் குரலாய் இருக்கும்படி வைக்கப்பட்டது சபை. ஆனால் நாங்களோ அவன் பெயரைக் காணிக்கைப் பட்டியலில் மாத்திரம் வாசித்துக்கொண்டிருந்தோம்.

அங்குள்ள தமிழ்க் குடும்பத்தார் மறுநாளே அவனைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். அந்தத் தேசத்தில் வேலைமூலம் குடியிருப்பு அனுமதி பெற்றவர், வேலை நின்றால் 14 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். பயத்தில் அவன் அதையும் செய்யாதிருந்தான். சகோதரன் கூடவே போய், காலதாமதமானாலும் உண்மையைச் சொல்லி அதை முடித்தார். அரசின் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வெளிநாட்டவருக்கும் உதவுகின்றன. அங்கேயும் அழைத்துச் சென்றார். கர்த்தர் வாசலைத் திறந்தார். இன்று அந்தத் தம்பி வேறொரு வேலையில் இருக்கிறான். சம்பளம் முன்னைவிடக் குறைவு. வாரத்தில் இரண்டுமுறை வீட்டுக்குப் பேசுகிறான்.

நான் திரும்பிவந்து சபைக் குழுவில் என் தவற்றை அறிக்கையிட்டேன். அவன் சேமிப்பிலிருந்து அனுப்பிய இரண்டு மாதத் தொகையைத் திருப்பி அனுப்புவோம் என்றேன். கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது தகுமா என்று மூப்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2 கொரிந்தியர் 8:12-ல், ஒருவனிடத்தில் இருப்பதற்குத்தக்கதே தேவனுக்குப் பிரியமானது, இல்லாததற்குத்தக்கதல்ல என்று பவுல் விளக்குவதை வாசித்தோம். பின்பு அந்த மூப்பரே பணத்தை அனுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பெயரும் தொகையும் வாசிக்கும் பழக்கத்தை நிறுத்திவிட்டோம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் 41 பேரின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் இரண்டு விசுவாசிகளை நியமித்தோம். மாதம் ஒருமுறையாவது அவர்கள் குரலைக் கேட்கவேண்டும், எழுத்து போதாது. குரலில் மாற்றம் தெரிந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல், அவ்வூரில் நமக்குத் தெரிந்த ஒருவரை நேரில் அனுப்பவேண்டும். ரயில் ஊழியரின் சுட்டுவிரலை நினைத்து, ஞாயிறுதோறும் ஒவ்வொரு பெயராய் வாய்விட்டுச் சொல்லி விசாரிக்கிறோம்.

இதை வாசிக்கிற தாயே, தகப்பனே, உங்கள் பிள்ளை அனுப்பும் பணம் ஒழுங்காய் வருவதனால் அவன் நலமாயிருக்கிறான் என்று முடிவுகட்டிவிடாதிருங்கள். அவன் குரலைக் கேளுங்கள். வேலை போனாலும் நீ என் பிள்ளைதான் என்பதை, வேலை இருக்கும்போதே அவனுக்குச் சொல்லிவையுங்கள். தூரதேசத்தில் தனித்திருந்து இதை வாசிக்கும் வாலிபனே, வாலிபப் பெண்ணே, நீ இன்று எந்த நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாலும், நடந்ததை ஒருவரிடமாவது இன்றே சொல். வெட்கம் உன்னை விளிம்புவரை நடத்திக்கொண்டு போகவிடாதே. உன் வருமானத்துக்காக அல்ல, உனக்காகவே கிறிஸ்து மரித்தார். உடன் ஊழியரே, நம் சபைகள் கூரையோடு நின்றுவிட்டனவா என்று நாம் எண்ணிப்பார்க்கக் கடனாளிகளாயிருக்கிறோம்.

டோசாய் தடத்தில் தினமும் அமைதியாய்ப் பயணம் செய்யும் அந்த ஜப்பானிய ஜனங்களுக்காகவும், அவர்கள் நடுவே வாழும் நம் பிள்ளைகளுக்காகவும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். என் கையில் ஒரு தாளை எழுதிக்கொடுத்த அந்த நிலைய ஊழியருக்காகவும் ஜெபியுங்கள். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கர்த்தர் அறிவார்.

கர்த்தர்தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.